ஐந்தருவிக்குப் போனவரின் நிலம்

செல்வம்,

பத்திரிகை அடிக்கிற கடையிலிருந்து இன்று காலை போன் வந்தது. "அக்கா, மாப்பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னால 'தெய்வத்திரு'ன்னு போடணுமா, வேண்டாமா? தம்பிகிட்ட கேட்டா, சித்திகிட்ட கேட்டுக்கோங்கன்னு சொல்லுதாவ" என்றார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா பெயருக்கு முன்னாலும் போடச் சொன்னேன். அந்த விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் பட்டாளத்தில் துப்பாக்கி பிடிக்கிற நீ, அந்த ஒரு சொல்லைச் சொல்ல மாட்டாமல் என் பக்கம் தள்ளிவிட்டாய் பார், அது காலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சோறு பொங்கும்போதும் அதே நினைப்பு. சித்தப்பா சாப்பிட்டுவிட்டு வெளியே போனதும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். போனில் சொன்னால் நடுவில் நீ "சரி சித்தி, சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதமென்றால் முழுதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

உன் அப்பா எப்படிப் போனார் என்பது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவரைக் கோர்ட்டில் எப்படி இறந்தவராக்கினோம், உன்னை நான் எப்படி வாங்கிக்கொண்டேன் என்பதெல்லாம் இன்னும் குறைவாகத்தான் தெரியும். அப்போது நீ சின்னப் பையன், பிறகு நானும் சொல்லவில்லை. இப்போது அனிதா இந்த வீட்டுக்கு வரப்போகிறாள். நாளைக்கு உங்களுக்கும் குழந்தை குட்டி வரும். எனக்கும் போன மாதம் நெஞ்சு படம் எடுத்துப் பார்த்த டாக்டர் அதிகம் பேசாமல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதனால் எனக்குத் தெரிந்ததையும், எனக்கு இன்னும் தெரியாததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா இசக்கிமுத்துவை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். உனக்கு அப்படியே அவர் முகம்தான். கடையத்தில் அவருக்கும் உன் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்து வந்த வயல் இருந்தது. நெல் ஒரு போகம், அப்புறம் வாழை. குற்றால சீசன் வந்துவிட்டால் வயலை அண்ணனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை போடுவார். மங்குஸ்தான், ரம்புட்டான், மலைவாழை. சாயங்காலம் மேலகரத்து வீட்டுக்குள் அவர் நுழையும்போதே பழ வாசம் முன்னால் வரும். அந்த வீடு எங்கள் அப்பா உன் அம்மாவுக்குக் கல்யாணத்தில் எழுதிக் கொடுத்தது. நீ பிறந்து வளர்ந்ததும் அந்த வீடுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டு மறுபடி கடைக்குப் போனார். நீ அப்போது நடை பழகி முடித்து ஓட ஆரம்பித்திருந்தாய். சாரல் அடித்துக்கொண்டிருந்தது, வெயிலும் இருந்தது. மலைக்குள் எங்கோ பெருமழை பெய்திருக்கிறது, கீழே இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. திடீரென்று அருவியில் செந்தண்ணீர் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தண்ணீர் குறைந்து பார்த்தபோது எல்லோரும் இருந்தார்கள், உன் அப்பா மட்டும் இல்லை. கடை அப்படியே இருந்தது. தராசில் ஒரு தட்டில் பழம் இருந்தது, மறு தட்டில் எடைக்கல் இருந்தது. வாங்க வந்த ஆள் யார் என்று கடைசி வரை தெரியவில்லை.

பக்கத்தில் பஜ்ஜி போட்டவர், "ஒரு பொம்பளை வழுக்கி விழுந்தா. அண்ணாச்சி அவளைப் பிடிக்கத் தண்ணிக்குள்ள இறங்குனாவ, நான் என் கண்ணால பாத்தேன்" என்றார். எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்தவர், "இல்ல, அவரு செங்கோட்டை பஸ்ஸுல ஏறிப் போனாரு. ஏறும்போது என்னையப் பாத்துச் சிரிச்சாரு" என்றார். இரண்டு பேரும் நமக்கு வேண்டியவர்கள். பொய் சொல்ல இரண்டு பேருக்கும் காரணம் கிடையாது. இரண்டு பேரும் சொன்னது ஒரே நேரத்தை. விழுந்த பெண் என்று யாரும் போலீஸில் வந்து சொல்லவும் இல்லை. தீயணைப்பு வண்டிக்காரர்கள் கீழே ஆறு வரைக்கும் தேடினார்கள். செங்கோட்டை, புனலூர் வரைக்கும் சித்தப்பா போய்ப் போட்டோவைக் காட்டிக் கேட்டார். உடம்பும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 'ஆள் காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் அம்மா பட்ட பாடு. ஒருவர் செத்துப்போனால் அழுது முடிக்கலாம். பிறகு சான்றிதழ் வாங்கி, வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாற்றி, இன்ஷூரன்ஸ் வாங்கி, மெல்ல மெல்ல எழுந்து நிற்கலாம். காணாமல் போனவருடைய மனைவிக்கு அந்த வழி எதுவும் கிடையாது. அக்கா எந்த ஆபீஸுக்குப் போனாலும், "உயிரோட இருக்காருன்னா கையெழுத்துப் போட அவரைக் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, சட்டம் அப்படி. ஒருவரைப் பற்றி வழக்கமாகத் தகவல் தெரியக்கூடியவர்களுக்கு ஏழு வருஷம் எந்தத் தகவலும் வரவில்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். அதுவரைக்கும் அவர் உயிரோடிருப்பவர். நிலம் அவருடையது, பேங்க் கணக்கு அவருடையது, எதையும் தொட முடியாது.

அக்கா தாலியைக் கழற்றவில்லை, பொட்டும் வைத்துக்கொண்டாள். விசேஷ வீடுகளில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் ஆட்கள் தடுமாறுவார்கள். அதனால் போவதையே விட்டுவிட்டாள். வீட்டில் இருக்கும்போது பேச்சுக்கு நடுவில் சட்டென்று நிறுத்தி, காது கொடுத்துக் கேட்பாள். "ஏட்டி, வாசல் கேட்டு சத்தம் கேட்டுச்சுல்லா?" என்பாள். எனக்கு எதுவும் கேட்டிருக்காது. போய்ப் பார்த்தால் கேட்டு சாத்தினபடி இருக்கும். ஒரு தடவை மட்டும் கொண்டி விலகி, கேட்டு பாதி திறந்து கிடந்தது. காற்றாக இருக்கும் என்றேன். அக்கா போய் இன்னொரு தம்ளரில் காப்பி ஊற்றி மூடி வைத்தாள்.

ஊரில் அவரைப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஒருத்தி புனலூர் ரயிலில் பார்த்தேன் என்றாள். இன்னொருவர் சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில் பார்த்தேன் என்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாராம், சிரிப்பாராம், கிட்டப் போவதற்குள் காணாமல் போய்விடுவாராம். யாரும் அவர் குரலைக் கேட்டதாகச் சொல்லவில்லை.

நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் படுக்கையில் இருந்தபடி உயில் எழுத வேண்டும் என்றாள். எங்களுக்கு உயில் என்றாலே பயம், எழுதினால் உயிர் போய்விடும் என்கிற மாதிரி ஒரு எண்ணம். அவள்தான் பிடிவாதமாக இருந்தாள். எங்களுக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் வந்து எழுதினார். சாட்சிக்கு ஒரு நர்ஸம்மாவும் பக்கத்துக் கட்டில்காரரின் மகனும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போட வந்தபோது வக்கீலம்மா தடுத்துவிட்டார். உயிலில் பெயர் வருகிறவர்கள் சாட்சி போட்டால் பிறகு அதுவே சிக்கலாகும் என்றார். மேலகரத்து வீடு உனக்கு. நீ மேஜராகும் வரைக்கும் நான் கார்டியன். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு அக்கா, "இன்னொன்னும் எழுதுங்கம்மா" என்றாள்.

"என்ன எழுதணும்?"

"அவுக திரும்பி வந்தா, புள்ளைய அவுககிட்ட ஒப்படைச்சிரணும். என் தங்கச்சி மறுக்கக் கூடாது."

வக்கீலம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்று தலையசைத்தேன். வேறு என்ன செய்ய? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து பத்துப் பதினைந்து நாளில் போய்விட்டாள்.

நாங்கள் எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு மேலகரத்தில் குடியேறினோம். உன் பெரியப்பா அப்போது சண்டைக்கு வந்தார். தம்பி மகனைத் தானே வளர்க்க வேண்டும் என்றார். இங்கே நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். தாய் உயில் மூலம் கார்டியன் போடலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் புருஷன் இறந்தவளாக இருக்க வேண்டும், அல்லது அவன் பிள்ளை மேல் உள்ள உரிமையை இழந்தவனாக இருக்க வேண்டும். உன் அம்மா எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் உயிலை மட்டும் நம்பாமல் கோர்ட்டில் மனு போட்டோம். திருநெல்வேலிக்கு அலைந்தோம். நீதிபதி உன்னைக் கிட்டே கூப்பிட்டு, "தம்பி, உனக்கு யாரு வீட்ல இருக்கணும்?" என்று கேட்டார். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எங்க வீட்லதான். அப்பா வந்தா அங்கனதான தேடுவாங்க?" என்றாய். என்னைக் கார்டியனாகப் போட்டார்கள். உன் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும் என்று நிபந்தனை. நல்ல நிபந்தனை. எனக்கு ஒரு ஆபத்து வந்து, என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் உன்னைக் காப்பாற்றியிருப்பது அந்த ஒரு வரிதான்.

வயல் மட்டும் அப்படியே கிடந்தது. உன் அப்பா சட்டப்படி உயிரோடிருந்தாரே. அதை உழுது அறுத்துக்கொண்டிருந்தவர் பெரியப்பா.

நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஐப்பசி மாதம், காலையில் சித்தப்பாவின் கூட்டாளி சைக்கிளில் வேகமாக வந்தார். பத்திர ஆபீஸ் வாசலில் கடை வைத்திருப்பவர். முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது. "மதினி, உங்க அத்தான் பத்திர ஆபீஸ்ல உக்காந்திருக்காவ. கடையம் வயலை அண்ணன் பேருக்கு எழுதிக் குடுக்க வந்திருக்காவ" என்றார். எனக்கு முதலில் வந்தது கோபம். யாரையோ வைத்து ஆள்மாறாட்டம் செய்கிறார் பெரியப்பா என்று நினைத்தேன். பிறகு அக்காவின் உயில் நினைவு வந்தது. அது நிஜமாகவே அவராக இருந்தால்? பள்ளிக்கூடத்துக்குப் போய் உன்னையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். வழியெல்லாம் உன் கையை எப்படிப் பிடித்திருந்தேன் என்றால், நீ வலிக்குது சித்தி என்றாய்.

உள்ளே பெஞ்சில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். செல்வம், நான் சத்தம் போட நினைத்துப் போனவள். வாய் வரவில்லை. அதே நெற்றி, அதே சுருட்டை முடி, பழைய கோடு போட்ட சட்டை. ஆள்மாறாட்டத்துக்கு இவ்வளவு ஒத்த முகம் எங்கே பிடித்தார்கள் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் வேறொன்றைக் கவனித்தது. நாங்கள் எல்லோரும் அத்தனை வருஷத்தில் மூத்துப்போயிருந்தோம், எனக்கே காதோரம் நரைத்திருந்தது. அவருக்கு ஒரு நாள்கூடக் கூடினதாகத் தெரியவில்லை.

பத்திரம் அவர் முன்னால் இருந்தது. பேனா கையில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பிறகு உன்னைப் பார்த்தார்.

"இவன் ஆரு?" என்றார்.

குரலும் அவருடைய குரல்தான். "உங்க மகன் அத்தான். அக்கா செத்துட்டா. நீங்க வந்தா இவன உங்ககிட்ட ஒப்படைக்கணும்னு எழுதி வச்சிட்டுப் போயிருக்கா. அதான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர் கை நீட்டி உன் தலையில் வைத்தார். பேனாவைப் பெஞ்சில் வைத்தார். எழுந்தார்.

"ஏலே, கையெழுத்தப் போட்டுட்டுப் போல" என்றார் பெரியப்பா.

அவர் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், "அப்ப நீயே வச்சுக்க" என்றார். நடந்து வெளியே போய்விட்டார்.

பெரியப்பா பின்னாலேயே ஓடினார். நானும் வாசலுக்கு வந்தேன். அந்தத் தெரு நேர் தெரு, ஒரு பக்கம் தெரு முனை வரைக்கும், மறு பக்கம் கோயில் கோபுரம் வரைக்கும் பார்வை போகும். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாடு ஒன்று நின்றது, குடை பிடித்து இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. பெரியப்பா ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்தவர் என்னைத் தாண்டிப் போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது நீ கேட்டாய், "அந்த மாமா மேல ஏன் சித்தி பழ வாசம் அடிக்கி?" ஐப்பசியில் மங்குஸ்தான் ஏது?

மறுநாளே வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. அது முடிந்து வழக்குப் போடும்போது இதை மறைத்துவிடலாமா என்று சித்தப்பா கேட்டார். வக்கீலம்மா முகம் மாறிவிட்டது. "நீங்க பாத்தது அவருதான்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். "அவரு இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" அதுவும் முடியாது என்றேன். "அப்ப கூண்டுல ஏறி இந்த ரெண்டையும் அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். அப்படியே சொன்னேன். உனக்கு நான் சொத்து விஷயத்தில் ஒரே ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதுதான். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். அதன் மேல் கட்டின எதுவும் பிறகு இடிந்து உன் தலையில் விழாது.

பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வந்தது தம்பிதான் என்று சொன்னால், பிறகு அவன் எங்கே என்று காட்ட வேண்டும். தம்பி இல்லை என்று சொன்னால், வேறு ஆளைக் கூட்டி வந்து கையெழுத்து வாங்கப் பார்த்த குற்றம். நீதிபதி இரண்டு தடவை கேட்டார். பெரியப்பா வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலைங்கய்யா" என்றார். அன்றைக்கு அது தந்திரம் என்று நினைத்தேன்.

பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தோம். கடைசி நாளன்று நீதிபதி, "எதுக்கும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்க" என்றார். வழக்கில் உள்ளவர்களைத்தான் கூப்பிடுவார்கள். காணாமல் போனவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கோர்ட் ஊழியர் வாசலுக்குப் போய் நின்று, "இசக்கிமுத்து" என்று நீட்டிக் கூப்பிட்டார். வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் மட்டும் கேட்டதாக நினைக்காதே, பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் நான் என் இஷ்ட தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு வேண்டினேன். அவர் வந்துவிடக் கூடாது என்று வேண்டினேன். அக்கா அவ்வளவு நாள் காது கொடுத்துக் காத்திருந்த சத்தம். அது என் பக்கம் வந்துவிடக் கூடாது, உன்னைக் கேட்டுவிடக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டார். செருப்புச் சத்தம் நின்றது. படியின் முனையில் யாரும் வரவில்லை. ஊழியர் திரும்பி வந்து, "வரலைங்கய்யா" என்றார். தீர்ப்பு எழுதினார்கள்.

அந்தத் தீர்ப்பை வைத்து இறப்புச் சான்று, பிறகு வாரிசுச் சான்று. அவருக்கு உரிய வாரிசு மனைவியும் மகனும், மனைவியும் போய்விட்டதால் நீ ஒருவன்தான். அண்ணன் அந்த வரிசையில் வரவே மாட்டார். வயல் பட்டா உன் பெயருக்கு வந்தது. கருமாதி செய்யாமல் இருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். குற்றாலத்தில் ஆற்றங்கரைக்குப் போனோம். உடம்பு இல்லாததால் தர்ப்பைப் புல்லை ஆள் மாதிரிக் கட்டிக் கிடத்தினார்கள். உன் கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். நீ, "இது அப்பாவா சித்தி?" என்றாய். "இல்லய்யா, புல்லு" என்றேன். "பொறகு அப்பா வந்தா என்ன செய்ய?" என்றாய். சாஸ்திரிகள் மந்திரத்தை நிறுத்திவிட்டார். புல் ஈரமாக இருந்தது, பற்றவே இல்லை. மூன்று பேர் சேர்ந்து எண்ணெய் ஊற்றித்தான் பற்றவைத்தார்கள்.

உன் கேள்வியை நான் வக்கீலம்மாவிடம் கேட்டேன். "வந்துட்டாருன்னா வந்துட்டாரு. இறந்ததா எடுத்துக்கிட்டோம், அவ்வளவுதான். ஆள் உயிரோட வந்து நின்னா அது நிக்காது. அவரு நிலம் அவருக்குத்தான்" என்றார். இதை நீ மறக்கக் கூடாது. கடையம் வயல் உன்னுடையதுதான், ஆனால் அவர் வந்து கேட்டால் வழக்காடாமல் கொடுத்துவிடு.

பெரியப்பா சாவதற்கு முந்தின வருஷம் கடையம் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்து அவராகவே வந்து பேசினார். "நான் ஆள் பிடிச்சுட்டு வரலம்மா. எல்லாரும் அப்படித்தான் நினைச்சீங்க. உச்சி வெயில்ல வயல்ல நிக்கேன். பின்னால வந்து, 'என்னண்ணே, வாழைக்குத் தண்ணி பாய்ச்சலையா'ன்னு கேக்கான். எங்கல போன, எங்கல இருந்தன்னு எத்தனையோ கேட்டேன். வாயத் தெறக்கல. எனக்குப் புத்தி கெட்டுப் போச்சு, கையெழுத்துப் போடுதியான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் சரின்னான்" என்றார். அழுதார். பஸ் வந்ததும் ஏறிப்போய்விட்டார். அவர் சொன்னதை நம்புகிறேனா என்று கேட்காதே.

இனி உன் காரியம். நீ பட்டாளத்தில் எல்லாவற்றுக்கும் நாமினியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறாய். கல்யாணமானதும் முதல் வேலையாக அனிதா பெயருக்கு மாற்று. நாமினி என்றால் வாங்கி வைத்துக்கொள்ளுகிறவர்தான், சொத்து அவருக்கே என்று ஆகிவிடாது. யாருக்கு என்ன என்பதை உயிலில் எழுது. வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும், பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்து வைத்தால் யாரும் அவ்வளவு எளிதில் கை வைக்க மாட்டார்கள். சாட்சி இரண்டு பேர், எதுவும் பெறாதவர்கள், உன்னைவிட வயதில் சிறியவர்கள். புரொபேட் என்று ஒன்று சொல்லுவார்கள், உயில் சரியானது என்று கோர்ட் முத்திரை போட்டுக் கொடுப்பது. நம் பக்கத்துச் சொத்துக்கு அது வேண்டியதில்லை. யாராவது ஆட்சேபம் சொன்னால் மட்டும் சாட்சிகளைக் கூப்பிட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். நீ சென்னையில் வீடு வாங்கப்போவதாகச் சொன்னாயே, அங்கே விதி வேறாக இருந்தது, இப்போது மாறியிருக்கிறது என்கிறார்கள். அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள். குழந்தை பிறந்ததும் இன்னொரு வரி சேர்த்து எழுது. நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் போனால் யாரிடம் வளர வேண்டும் என்று. எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளிடம் கேள். என் அக்கா என்னிடம் கேட்டாள், கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அதனால்தான் பத்திர ஆபீஸ் பெஞ்சுக்கு முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வந்தது.

நானும் சித்தப்பாவும் எங்கள் உயிலைப் போன வாரம் பதிந்துவிட்டோம். அதற்கு முன்பு வயலை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று கடையத்துக்குப் போனேன். குத்தகைக்கு இப்போது புதுப் பையன், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், நம் குடும்பத்தில் என்னைத் தவிர யாரையும் பார்த்ததில்லை. உன்னைப் போட்டோவில் பார்த்திருக்கிறான். என்னைக் கண்டதும், "அக்கா, நேத்து மத்தியானம் தம்பி வந்திருந்தாவளே, சொல்லலையா?" என்றான்.

"எந்தத் தம்பி?"

"செல்வம் அண்ணாச்சிதான். வரப்புல நின்னு வாழையப் பாத்துட்டு இருந்தாவ. தண்ணி பாய்ச்சலையான்னு கேட்டாவ. கிட்டப் போயிப் பாத்தா போட்டோவுல இருக்கறதவிடக் கொஞ்சம் மெலிவு. அவுகளேதான் கேட்டாவ, 'கல்யாணம் என்னைக்கு?'ன்னு. கல்யாண மாப்பிள்ளை உங்களுக்கே தெரியாதான்னு சிரிச்சேன். அவுகளும் சிரிச்சாவ. நான் மோட்டாரப் போட்டுட்டுத் திரும்புததுக்குள்ள போயிட்டாவ."

அவன் சொன்ன அதே மத்தியானம்தான் நீ என்னிடம் போனில் பேசினாய். பனி கொட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது என்றாய். பின்னால் உன் கூட்டாளிகள் இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பையனிடம் கல்யாணத் தேதியைச் சொன்னாயா என்று மட்டும் கேட்டேன். "சொன்னேங்க்கா. மண்டபத்தையும் சொல்லிட்டேன்" என்றான்.

வக்கீலம்மாவுக்குப் போன் செய்து இதையும் சொல்லிவிட்டேன். பாவம், அவருக்கும் வயதாகிவிட்டது. "ஏதாவது கேட்டாரா?" என்றார். தேதி மட்டும் கேட்டார் என்றேன்.

மண்டபத்தில் பந்தி பார்க்கப்போகிறவரிடம் நேற்றுப் பேசினேன். பத்திரிகை கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், யார் வந்து உட்கார்ந்தாலும் ஊர் பேர் கேட்காமல் இலை போடச் சொல்லியிருக்கிறேன். "அது எப்பவும் செய்யறதுதானக்கா" என்று சிரித்தார். நீ மணமேடையில் இருக்கும்போது கூட்டத்தில் யாரையாவது பார்த்தால், எழுந்துவிடாதே. அனிதாவுக்குத் தாலி கட்டு. பந்தியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சித்தி